ஹெரால்டின் பாடியை வீட்டு ஷெட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது: தாத்தா ஓட்டிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 பல ஆண்டுகள் கொட்டகையில் நின்றுவிட்டது. தரைத் தகடு இற்றுப்போயிருக்கிறது, கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பெட்டி கையால் அழுத்தினாலே உதிர்கிறது, பின்கதவின் அடிமூலைகள் இல்லவே இல்லை. டிங்கர் ஒருவர் மேலோடு தகடு வைத்துப் பட்டி பூசி ஒரு மாதத்தில் தந்துவிடுவதாகச் சொல்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஷெட், சிங்கிள் பேஸ் மின்சாரம், வார இறுதி நாட்கள் இவ்வளவுதான் கைவசம். நானே செய்யலாமா, எங்கே தொடங்குவது?

செய்யலாம். இதே மாதிரி வண்டியைக் கோயம்புத்தூரில் என் வீட்டு ஷெட்டில் இரண்டரை ஆண்டுகள் வைத்துப் பிரித்துச் சேர்த்தவன் என்பதால் தயங்காமல் சொல்கிறேன். தகடு ஒட்டும் அளவுக்கு வெல்டிங் பழக ஒரு மாதம் போதும். எதை எப்போது வெட்டக் கூடாது என்பது பிடிபடத்தான் எனக்கு ஒரு வருடம் ஆனது. ஆகவே இந்தப் பதிலில் வெல்டிங்கைவிட வரிசைக்கும் அளவுக்கும் அதிக இடம் தருகிறேன்.

முதலில், உங்களுக்குக் கிடைத்திருப்பது வீட்டு வேலைக்கு மிகவும் இணக்கமான வண்டி. 1953இல் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனம் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற பாடி தயாரிப்பாளரை வாங்கிக்கொண்டபோது, அதுவரை அங்கே பாடி வாங்கிக்கொண்டிருந்த ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்துக்குப் புதிய காருக்கு முழு பாடியையும் ஒன்றாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. அதனால் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி வரைந்த ஹெரால்டைத் தனித்தனிப் பகுதிகளாகப் பல இடங்களில் அடித்து, ஒன்றோடொன்று போல்ட்டால் பூட்டி, சேஸிஸ் என்ற தனியான அடிச்சட்டத்தின்மேல் உட்கார வைக்கும்படி வடிவமைத்தார்கள். பிற கம்பெனிகள் சேஸிஸைக் கைவிட்டுக்கொண்டிருந்த 1959இல் இந்த வண்டி பழைய முறையிலேயே சந்தைக்கு வந்ததற்கு அதுதான் காரணம். இந்தியாவில் 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. அன்று கம்பெனிக்கு நேர்ந்த நெருக்கடியின் பலன் இன்று நமக்குக் கிடைக்கிறது: பானெட்டும் இரண்டு முன் மட்கார்டும் ஒரே துண்டாகக் கழன்று வருகின்றன, வண்டியின் பலம் பெரும்பாலும் சேஸிஸில் இருப்பதால், சில் பெட்டி இற்றுப்போனாலும் பிரீமியர் பத்மினி போன்ற சேஸிஸ் இல்லாத வண்டியில் நேர்வதுபோல நடுவில் தொங்கிவிடாது.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. இரண்டு கதவு ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் புதிதாகத் தகடுகள் அடித்து விற்கிறார்கள். நான்கு கதவு ஹெரால்டோ இந்தியாவுக்கென்றே உருவானது. ஆகவே அதன் பின்கதவு, நடுத்தூண், அதையொட்டிய சில் பகுதி ஆகியவற்றுக்கு வெளிநாட்டிலிருந்து எதையும் வரவழைக்க முடியாது. ஒன்று இன்னொரு வண்டியிலிருந்து அறுத்தெடுக்க வேண்டும், அல்லது கையால் தட்டி உருவாக்க வேண்டும். அறுத்தெடுக்கும் துண்டும் அதே இடத்தில்தான் இற்றுப்போயிருக்கும் என்பதால், தட்டி உருவாக்கப் பழகிக்கொள்வதே நல்லது.

பிரிப்பதற்கு முன் அளந்துகொள்ளுங்கள். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுவார்கள், நானும் அப்படித்தான் போனேன். வண்டி நான்கு சக்கரத்தில் தன் எடையோடு நிற்கும்போது ஒவ்வொரு கதவின் இடைவெளியையும் மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில் அளந்து, கதவின்மேலேயே பேப்பர் டேப் ஒட்டி எழுதிப் புகைப்படம் எடுங்கள். எந்தப் பக்கம் கதவு தட்டுகிறது, எது தூக்கி மூட வேண்டியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். அதன்பின் சேஸிஸின் நிலையான துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். எட்டுப் பத்துப் புள்ளி கிடைத்தால் வண்டியை நகர்த்திவிட்டு மூலைவிட்டங்களை அளந்து பார்க்கலாம். இரண்டு மூலைவிட்டங்களும் 3 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் சேஸிஸ் கோணலாக இல்லை. உயரத்துக்குக் கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் மட்டத்தைவிட நம்பகமான கருவி வேறில்லை. பத்து மீட்டர் ஒளிபுகும் குழாயும் ஒரு சொம்புத் தண்ணீரும் இருந்தால் வண்டியின் நான்கு மூலைகளையும் ஒரு மி.மீ. பிசகாமல் ஒப்பிடலாம்.

இதை நான் கற்றது தப்பு செய்துதான். சேஸிஸின் நடுச் சட்டங்களிலிருந்து கைகள்போலப் பக்கவாட்டில் நீளும் பெட்டிகளை அவுட்ரிகர் என்பார்கள். அவற்றின் நுனியில்தான் பக்கச் சட்டமும் அதன்மேல் பாடியின் விளிம்பும் உட்காருகின்றன. சேறு தேங்கி முதலில் இற்றுப்போவதும் அவைதான். என் ஷெட்டின் தரை தண்ணீர் வடிவதற்காக ஒரு மூலையில் மட்டும் தாழ்ந்திருந்தது. நான்கு ஜாக் ஸ்டாண்டையும் ஒரே உயரத்தில் வைத்து, எல்லாம் சமம் என்று நம்பி, இடப்பக்க அவுட்ரிகர்கள் அத்தனையையும் ஒரே மூச்சில் அறுத்துவிட்டுப் புதியவற்றை வெல்டு செய்தேன். வேலை பார்க்க அழகாகவே இருந்தது. வண்டியைச் சக்கரத்தில் இறக்கிக் கதவை மாட்டியபோது, மேல் பின்மூலை தூணில் 6 மி.மீ. ஏறி இடித்தது. சேஸிஸ் முறுகி நின்ற நிலையில் நான் அந்த முறுக்கையே நிரந்தரமாக்கியிருந்தேன். மூன்று வார இறுதி வேலையை மறுபடி அறுத்தெறிந்தேன். அன்றிலிருந்து எனக்கு இரண்டு விதிகள்: ஒரு நேரத்தில் ஒரு அவுட்ரிகர் மட்டும் வெட்டுவது, ஒவ்வொரு துண்டையும் புள்ளி வெல்டில் நிறுத்தி, கதவைத் தொங்கவிட்டு மூடிப் பார்த்த பிறகே முழுதாக வெல்டு செய்வது. கதவு இல்லாமல் சில் பெட்டியைப் பொருத்துபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு சட்டை தைப்பவர்தான்.

இதே காரணத்துக்காக, பாடியைச் சேஸிஸிலிருந்து உடனே தூக்கிவிடாதீர்கள். இணையத்தில் காணும் படங்களில் பாடி ஒருபுறமும் சேஸிஸ் ஒருபுறமும் இருப்பதைப் பார்த்து ஆசை வரும். இற்றுப்போன தரையோடு தூக்கினால் நான்கு கதவு வண்டியின் பாடி நடுவில் மடங்கும். முதலில் பாடி சேஸிஸில் பூட்டியிருக்கும்போதே தரை, சில், தூண் அடிகளைச் சரிசெய்து, கதவு வாசல்களுக்குக் குறுக்கே 25 மி.மீ. சதுரக் குழாயால் தாங்கு கொடுத்து, அதற்குப் பிறகு வேண்டுமானால் தூக்கிச் சேஸிஸை மட்டும் சுத்தம் செய்யலாம். தூக்கும்போது பாடி மவுண்டுகளின், அதாவது பாடியைச் சேஸிஸோடு பூட்டும் இடங்களின், கீழ் இருக்கும் மெல்லிய தகடுத் துண்டுகளைக் குப்பை என்று வீசிவிட வேண்டாம். எந்த மவுண்டில் எத்தனை துண்டு என்று குறித்து, தனித்தனிக் கவரில் போடுங்கள். அந்த 2 மி.மீ. துண்டுகளால்தான் தொழிற்சாலையில் கதவு இடைவெளியைச் சரிசெய்தார்கள்.

இனி துரு எவ்வளவு ஆழம் என்று கண்டறிவது. பெயிண்டைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தத்தைப் பழைய துணியில் சுற்றி பாடி முழுக்க நகர்த்துங்கள். பிடி தளரும் இடத்தில் பட்டி தடிமனாக இருக்கிறது. பிறகு சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், துரு தின்ற தகடு மண்பானைபோல் மொத்தென்று கேட்கும். மொத்தென்ற இடத்திலிருந்து கணீரென்ற ஒலி வரும் வரை போய், அதற்கும் ஒரு அங்குலம் தள்ளிக் கோடு போட்டால் அதுவே வெட்ட வேண்டிய எல்லை. என் வண்டியின் டிரைவர் பக்கத் தரையில் தார் விரிப்பைச் சுரண்டியபோது, அடியில் ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தட்டையாக்கி, ரிவெட் அடித்து, ஓரம் முழுக்கத் தார் ஊற்றியிருந்தது. எண்பதுகளில் யாரோ ஒருவர் கையில் இருந்ததை வைத்து வண்டியை ஓட வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அந்த டின்னுக்கும் பழைய தகட்டுக்கும் நடுவில் தேங்கிய நீர், ஓட்டை விழாத இடத்தையும் சேர்த்துத் தின்றிருந்தது. உங்கள் டிங்கர் சொல்லும் மேலோட்டுத் தகடும் இதேதான். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த இரண்டு தகடுகளுக்கு இடையில் புகும் நீருக்கு வெளியேற வழியில்லை.

துருவை நீக்க, தடித்த சேஸிஸுக்கு மணல் வீச்சு சரி. பானெட், டிக்கி மூடி, கதவுத் தோல் போன்ற அகன்ற மெல்லிய தகடுகளுக்கு அதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மணலின் அடியிலேயே தகடு விரிந்து அலைபோல் நெளிந்துவிடும், அதை மீட்க முடியாது. அவற்றுக்குப் பெயிண்ட் ரிமூவரும் பொறுமையுமே போதும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. காயவைத்துத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரமாகவே சுரண்டுங்கள். கீல், பிராக்கெட், தாழ்ப்பாள் போன்ற சிறு பாகங்களை மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பில், 20 லிட்டர் நீருக்கு 1 கிலோ என்ற அளவில், ஓரிரவு ஊறவைத்தால் புளி போட்டுத் தேய்த்த பித்தளைபோல் துலங்கும். எடுத்தவுடன் சலவைச் சோடா நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் சுத்தம் செய்த தகடு மாலைக்குள் மஞ்சள் பூத்துவிடும். அந்த நாட்களில் நான் பாகங்கள் சேகரிப்பது, வயரிங் பார்ப்பது என்று இருந்துவிடுவேன்.

தகடு வாங்கும்போது சி.ஆர். தகடு, அதாவது குளிர்நிலையில் உருட்டிய தகடு, என்று கேளுங்கள். சூடாக உருட்டிய எச்.ஆர். தகட்டின்மேல் கருஞ்செதில் இருக்கும், வெல்டும் சரியாகப் பிடிக்காது, மடிப்பும் நேராக வராது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு துருப்பிடிக்காதே என்று தோன்றும், ஆனால் அதன் துத்தநாகப் பூச்சு ஏறக்குறைய 900 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், எஃகு உருக 1,500 டிகிரி வேண்டும். வெல்டு செய்யும்போது கிளம்பும் அந்த வெண்புகையைச் சுவாசித்தால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். தரைக்கும் உள்ளே மறைந்த பகுதிகளுக்கும் 18 கேஜ், அதாவது ஏறத்தாழ 1.2 மி.மீ.; வெளித்தோலுக்கு 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ.; அவுட்ரிகர் போன்ற சேஸிஸ் பாகங்களுக்கு 16 அல்லது 14 கேஜ், பழையதை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். எட்டுக்கு நான்கு அடி 18 கேஜ் தகடு ஒன்று 28 கிலோ இருக்கும். கடையிலேயே இரண்டாக வெட்டித் தரச் சொன்னால் ஆட்டோவில் கொண்டுவரலாம்.

தட்டி உருவாக்குவதுதான் இந்த வேலையின் சுவையான பகுதி. பின்கதவின் அடிமூலையையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நீங்கள் கேட்டதும் அதுதான். இற்றுப்போன மூலை இல்லாவிட்டாலும் எதிர்ப்பக்கக் கதவில் அதன் கண்ணாடிப் பிம்பம் ஓரளவாவது மிச்சமிருக்கும். அதன்மேல் பேப்பர் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் இரண்டு அடுக்கு ஒட்டி, ஓரங்களைப் பேனாவால் குறித்து, மெல்ல உரித்தெடுத்துத் தலைகீழாகத் திருப்பி மேசையில் படியவிடுங்கள். டேப் தட்டையாகப் படியாமல் சுருங்கி எழும்பும் இடத்தில் தகட்டை விரிக்க வேண்டும், தட்டையாக அமுக்கினால் ஓரம் இழுபட்டுக் கிழியப் பார்க்கும் இடத்தில் தகட்டைச் சுருக்க வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் உலகத்தில் உள்ள எந்தத் தகட்டு வளைவும் புரிந்துவிடும். பித்தளைக் குடம் தட்டும் கன்னார் ஒருவரின் பட்டறையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், அவரும் இதையேதான் செய்துகொண்டிருப்பார்.

விரிப்பதற்கு எனக்கு மிகவும் பயன்பட்டது, கறிக்கடைக்காரர் கழித்துப்போட்ட புளியமரக் கட்டை. அதன் நடுவில் வெட்டு வாங்கி வாங்கி விழுந்திருந்த குழியே பள்ளம் தட்ட ஏற்ற அச்சு. தகட்டைக் குழியின்மேல் வைத்து, முனையை உருட்டிய கொட்டாப்புளியால் வெளியிலிருந்து உள்நோக்கி வட்டமாகத் தட்டிக்கொண்டே வந்தால் பத்து நிமிடத்தில் கிண்ணம்போல் குழியும். முதலில் ஓரமெல்லாம் நெளிந்து, கெட்டுவிட்டது என்று நினைக்கத் தோன்றும். நெளிவுகளை ஒவ்வொன்றாகக் கட்டையின் தட்டையான பக்கத்தில் அமுக்கித் தட்டினால் அந்த இடம் தானாகச் சுருங்கி, வளைவு இறுகும். பிறகு உள்ளே டாலி என்ற கையடக்க இரும்புக் கட்டியை வைத்து, அதன்மேல் மணிக்கட்டால் மட்டும் விழும் இலேசான சுத்தியல் அடிகள். வேகம் வேண்டும், பலம் வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் டாலி பதில் சொல்வது கையில் தெரியும். கதவின் அடி மடிப்புக்கு 12 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். என் முதல் மூன்று மூலைகள் குப்பைக்குப் போயின, நான்காவது இன்றும் வண்டியில் இருக்கிறது. நேர் மடிப்புகளுக்கு மெஷின் தேவையில்லை. இரண்டு ஆங்கிள் இரும்புக்கு நடுவில் தகட்டைப் பூட்டி, மரத்துண்டு வைத்து நீளவாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினால் ஒரு மீட்டர் மடிப்பு நேராக வரும். தரைத் தகட்டில் மட்டும் பழையதில் இருந்த வரிப் பள்ளங்களை விடாமல் போடுங்கள். அவை இல்லாவிட்டால் ஓடும்போது தரை தகர டப்பாபோல் முழங்கும். அதற்கு உருளை மெஷின் வைத்திருக்கும் பட்டறையில் ஒரு மணி நேர வேலையாகக் கொடுத்து வாங்கிவிடலாம்.

வெல்டிங்குக்கு வருகிறேன். சிங்கிள் பேஸில் ஓடும் 150 ஆம்பியர் அளவுள்ள மிக் (MIG) இன்வெர்ட்டர், அதாவது கம்பியைத் தானே ஊட்டும் காஸ் வெல்டிங் மெஷின், போதும். 0.8 மி.மீ. கம்பியும், ஆர்கானோடு கார்பன்டையாக்சைடு கலந்த சிலிண்டரும் வாங்குங்கள். காஸ் இல்லாமல் ஓடும் கம்பி மெல்லிய தகட்டைப் பொசுக்கிவிடும். ஷெட்டில் ஃபேனை நிறுத்திவிட்டு வெல்டு செய்யுங்கள். வெல்டு ஏன் பஞ்சுபோல் துளை விழுகிறது என்று நான் இரண்டு நாள் மெஷினைத் திட்டிக்கொண்டிருந்தேன், தலைக்குமேல் ஓடிய ஃபேன் காஸை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது. வெளித்தோலில் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாமல் விளிம்போடு விளிம்பு வைத்து, நடுவில் தகட்டின் கனம் அளவுக்கு இடைவெளி விட்டு, 25 மி.மீ.க்கு ஒரு புள்ளியாக வையுங்கள். ஒரு புள்ளி வைத்ததும் அடுத்ததை அதன் பக்கத்தில் வைக்காமல் மறுமுனைக்குத் தாவுங்கள். கை வைத்துப் பார்த்துச் சூடு ஆறிய பிறகு இடைப்புள்ளிகளை நிரப்புங்கள். அரை மீட்டர் கோட்டை முடிக்க ஒரு மணி நேரம் ஆனால் சரியான வேகத்தில் போகிறீர்கள். ஒரே ஓட்டமாக இழுத்தால் வெல்டு ஆறும்போது சுருங்கி, அகன்ற தகடு உள்ளே இழுபட்டு, விரலால் அமுக்கினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வரும் நிலைக்கு வந்துவிடும். அப்படி ஆகிவிட்டால் சுருங்கிய வெல்டுக் கோட்டையே டாலிமேல் வைத்துத் தட்டி விரிக்க வேண்டும். நடுவில் உப்பியதைத் தட்டித் தணிக்க முயல்பவர் மேலும் மேலும் உப்ப வைப்பார். மிக் வெல்டு கெட்டியாக இருப்பதால் தட்டும் முன் அதை ஏறத்தாழத் தகடு மட்டத்துக்குத் தேய்த்துவிட வேண்டும்.

தொழிற்சாலையில் இரண்டு தகடுகளைப் புள்ளி புள்ளியாக அழுத்தி ஒட்டிய பழைய ஸ்பாட் வெல்டுகள் இருந்த விளிம்புகளில், அவற்றை 8 மி.மீ. கட்டரால் மேல் தகட்டளவு மட்டும் துளைத்துப் பிரித்து, புதிய தகட்டில் 6 மி.மீ. ஓட்டை போட்டு, ஓட்டையின் நடுவிலிருந்து வட்டமாக வெல்டால் நிரப்புங்கள். பழைய எண்ணிக்கையிலேயே வைத்தால் போதும், அதிகம் வைப்பதால் பலம் கூடாது.

ஆபத்துகளில் மூன்றை மட்டும் சொல்கிறேன், மற்றவை எல்லோரும் அறிந்தவை. ஒன்று, டிக்கிக்குள் இருக்கும் பெட்ரோல் டேங்கை முதல் நாளே கழற்றி ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது, ஏனென்றால் ஆவி காற்றோடு கலந்து நிற்பது அதில்தான். அதை எவ்வளவு கழுவினாலும் நீங்கள் வெல்டு செய்ய வேண்டாம். இரண்டு, குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டு செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். குளோரின் இல்லாத கரைப்பானால் துடைத்து, முழுதாக உலர்ந்த பிறகே வெல்டிங் டார்ச்சை எடுங்கள். மூன்று, தார் விரிப்பும் சணல் கம்பளமும் உள்ளுக்குள் கனன்று, நீங்கள் சாப்பிடப் போன பிறகு எரியும். கடைசி வெல்டுக்குப் பின் ஒரு மணி நேரம் ஷெட்டிலேயே இருங்கள், வாளித் தண்ணீரும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

தகடு வேலை முடிந்ததும் வெற்று எஃகின்மேல் நேரடியாக எப்பாக்ஸி பிரைமர், அதன்மேல் பட்டி, அதன்மேல் மேற்பரப்பைச் சமன்செய்யும் சர்ஃபேஸர் பூச்சு என்பதுதான் வரிசை. பட்டி ஈரத்தை உறிஞ்சும். வெற்றுத் தகட்டின்மேல் பட்டி பூசிவிட்டு ஒரு மாதம் வெயிலிலும் பனியிலும் நிறுத்தினால், பட்டிக்கு அடியிலேயே துரு தொடங்கிவிடும். 2 மி.மீ.க்கு மேல் பட்டி தேவைப்படுகிறது என்றால் சுத்தியல் வேலை முடியவில்லை என்றுதான் பொருள். தொழிற்சாலையில் ஈயக்கலவை நிரப்பிய இணைப்புகள் உங்கள் வண்டியில் தென்படக்கூடும். அவற்றைக் கிரைண்டரால் தொடாமல் அரத்தால் மட்டும் சரிசெய்யுங்கள். இறுதி வண்ணத்தை வீட்டில் அடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கடினமாக்கியைக் கலந்து அடிக்கும் இன்றைய 2கே பெயிண்டில், அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, துணி மாஸ்க் அதைத் தடுக்காது, தனிக்காற்றுக் குழாய் உள்ள முகமூடி வேண்டும். நான் பிரைமர் வரை வீட்டில் முடித்து, வண்டியை டிரெய்லரில் ஏற்றி பெயிண்ட் பூத் உள்ள இடத்துக்கு அனுப்பினேன். பழைய முறையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வேண்டும் என்பவர்கள் ஈரக்காற்று நாட்களைத் தவிர்க்க வேண்டும், இல்லையென்றால் மேலே வெண்மூட்டம் படரும்.

பொருத்தும்போது பின்னாலிருந்து முன்னே வாருங்கள். பின்கதவைப் பின்மட்கார்டுக்கு ஒப்ப நிறுத்தி, முன்கதவைப் பின்கதவுக்கு ஒப்ப நிறுத்தி, பானெட்டைக் கடைசியில் முன்கதவுக்கு ஒப்பச் சரிசெய்யுங்கள். முன்பக்கம் கீல் வைத்துச் சாயும் அந்தப் பெரிய பானெட்டுக்கு அதன் கீல் இருக்கைகளில் மேலும் கீழும் முன்னும் பின்னும் நகர இடம் உண்டு, கதவுக்கு அவ்வளவு இல்லை. பெயிண்டுக்கு முன்பே இதை ஒரு முறை முழுதாகச் செய்து பார்த்து, கீல் நிலைகளைச் சிறு துளையால் குறித்துவிட்டால் பிறகு விளிம்பு உதிராது.

ஆர்.சி. புத்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேஸிஸ் எண் பதித்த பகுதியையும் எண் பலகையையும் தேய்க்கவோ மாற்றவோ வேண்டாம், பிரிக்கும் முன் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியை ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட எண்ணில் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்க முடியும், அன்றாடம் ஓட்ட முடியாது. நீங்கள் எந்தப் பக்கம் போனாலும், இற்றதை அதே வடிவில் மாற்றினேன் என்று காட்டும் புகைப்படங்கள் உதவும். கதவு வாசலை அகலப்படுத்துவது, சேஸிஸை நீட்டுவது போன்ற யோசனைகளை இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு சில் பெட்டி, கதவு உட்பகுதி, சேஸிஸ் பெட்டிகள் ஆகியவற்றுக்குள் நீண்ட குழாய் நுனியால் மெழுகு எண்ணெயைப் பீய்ச்சுங்கள். வெயில் நாளில் செய்தால் அது இளகி இடுக்கெல்லாம் ஓடும். மறுநாள் ஒவ்வொரு கதவின் கண்ணாடி ரப்பர்மேலும் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகளில் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டவில்லை என்றால் மெழுகு அடைத்திருக்கிறது. குடைக்கம்பி ஒன்றால் குத்தித் திறந்துவிடுங்கள்.